காலாண்டு லீவு

சத்துணவுக் கூடத்துச் சாவியை
டீச்சரிடம் கொடுக்காமல்
இடுப்பில் செருகியபடியே வந்துவிட்டேன்.
பணகுடியில் பஸ் ஏறி
நாங்குநேரி தாண்டும்போதுதான் உறைத்தது.
போகட்டும், பூட்டுக்கும் ஒன்பது நாள் லீவு.

மகளுக்கு ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
இந்த மாதம் முழுக்க நைட் டூட்டி.
சமாதானபுரத்தில் மாடி அறை,
ஒரு கட்டில், ஒரு கரண்ட் அடுப்பு,
ஜன்னலுக்குக் கறுப்புப் போர்வை.
காலை ஒன்பதுக்கு வருவாள்,
குளிப்பாள், நாலு வாய் தின்பாள்,
"யம்மா, கொஞ்சம் கண்ணசருதேன்" என்பாள்.
பிறகு நானும் மின்விசிறியும்.
இரவு அந்தக் கட்டில் எனக்கு.
அவள் படுத்த பள்ளத்தில்
என் உடம்பு சரியாகப் பொருந்தவில்லை.

நூற்று நாற்பத்து மூன்று பிள்ளைக்கு அளந்த கை.
முதல் நாள் வடித்த சோற்றைப் பார்த்து
"வார்டுக்கே போடலாம்" என்று சிரித்தாள்.
மிச்சத்தைக் கீழ்வீட்டு ஆடு தின்றது.

இரண்டாம் நாள்
சொதி பொங்கி அடுப்பில் வழிந்ததும்
பீப் பீப் என்று கத்தியது அது.
விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்,
கண் திறக்கவில்லை.
"எந்த பெட்டு?" என்றாள்.
என்ன சொல்ல?
"ஒண்ணுமில்ல ஆவுடை, படு."
படுத்துவிட்டாள்.
எழுந்தது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

அதிலிருந்து
அவள் வருமுன்னே சமையல் முடிந்துவிடும்.
கதவைப் பையச் சாத்திவிட்டு
டவுன் பஸ்ஸில் ஏறிவிடுவேன்.
பொம்பளைக்குத்தான் காசில்லையே.
"எங்கம்மா போணும்?" என்றார் கண்டக்டர்.
"போயிட்டுத் திரும்பணும்."
ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சீட்டைக் கிழித்தார்.
கொக்கிரகுளம் பாலத்தை
ஒரே நாளில் ஆறு தடவை கடந்தேன்.
கீழே ஒருத்தர் எருமையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்,
ஆறு தடவையும் அதே எருமை.
மறுநாள் கண்டக்டர்
"வாங்க" என்று மட்டும் சொன்னார்.

நாலு மணிக்கும் ஆறரைக்கும் நடுவில்
எனக்கு ஒரு மகள் இருந்தாள்.
கூட வேலை பார்க்கிற பிள்ளை வாங்கிய ஸ்கூட்டி,
சம்பளத்தில் பிடித்தது, பிடிக்காதது,
எல்லாம் சொன்னாள்.
வீங்கின காலைத் தொடப் போனால்
உள்ளே இழுத்துக்கொண்டாள்.
வள்ளியூர் மாப்பிள்ளை போட்டோ
என் பைக்குள்ளேயே கிடந்தது.
அந்தப் பேச்சை எடுக்க
விழித்திருக்கிற மனுஷி ஒருத்தி வேண்டும்,
ஒரு முழுப் பகலும் வேண்டும்.

கடைசி நாள்
டூட்டி முடித்த கையோடு
வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டாள்.
டீ வாங்கித் தந்தாள்.
"இறங்கினதும் ஒரு போன் போட்டு" என்று
சொல்லி முடிக்கவில்லை,
தலை என் தோளில் விழுந்தது.

"வள்ளியூர், பணகுடி, நாகர்கோயில்" என்று
கூவிக்கொண்டு ஒரு வண்டி போனது.
அடுத்ததில் ஜன்னலோர சீட்டே காலி.
அதுவும் போனது.
மூன்றாவது வண்டி
பின்னால் எடுக்கும்போது பீப் பீப் என்றது.
சட்டென்று அவள் காதைப் பொத்தினேன்.

இடுப்புச் சாவி குத்துகிறது.
அசைந்தால் விழித்துவிடுவாள்.
காலையில் முட்டை வரும்,
எண்ணி வாங்க வேண்டும்,
பத்து உடைந்திருக்கும், சண்டை போட வேண்டும்.
அது நாளைக்கு.
டீ கிளாஸை வாங்க வந்த பையனிடம்
பேசாதே என்று
கண்ணைக் காட்டினேன்.