நுரைக்கரை

ஓசூர் பஸ்ஸிலிருந்து கெலவரப்பள்ளியில் இறங்கியதும்
நாகவேணி கேட்டாள்:
"கடல் இப்படித்தான் இருக்குமா?"

அவள் பாகலூர்ப் பக்கம்.
நான் தாழங்குடா.
ஒரே விடுதி, ஒரே ஷிப்ட்,
வியாழக்கிழமை வார விடுப்பு.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
மதகுக்குக் கீழே
ஆளுயரத்துக்கு எழும்பி நின்றது நுரை.
காற்றடித்ததும் ஒரு துண்டு பிய்ந்து
ரோட்டைக் கடந்து போய்
ராகிக் கொல்லையில் ஆடு மாதிரிப் படுத்துக்கொண்டது.

எங்கள் ஊர் நுரை மணலைத் தொட்டதும் செத்துவிடும்.
இது சாகவில்லை.
"பெங்களூர்க்காரன் குளிச்ச தண்ணி,"
என்றார் ஒருவர்,
வண்டியை நுரைக்குள் தள்ளிக்கொண்டு வெளியே வந்தவர்.
கால்சட்டையில் முட்டிவரை வெள்ளைப் பட்டை.

அணைக்குப் பின்புறம் போனோம்.
அங்கே நுரை இல்லை. நாற்றம் மட்டும்.
சித்திரை வெயிலுக்குத் தண்ணீர் உள்வாங்கி
சேறு வளையம் வளையமாய்க் காய்ந்திருந்தது.
எங்களுக்கு ஏற்றமும் வற்றமும்
ஒரே நாளில் முடிந்துவிடும்.
இங்கே ஒரு வற்றத்துக்கு ஒரு கோடை வேண்டும்.

சங்கு இல்லை.
நத்தை ஓடு, ஜிலேபிக் கெண்டை முள்,
ரோஜாத் தோட்டத்துப் பாலித்தீன்,
இடக்கால் செருப்பு ஒன்று;
கொஞ்ச தூரம் தள்ளி இன்னொன்று,
அதுவும் இடக்கால்.

பேசிக்கொண்டே வந்தவள்
ஒரு கல் வரிசைக்கு முன்னால் நின்றுவிட்டாள்.
"எங்க கொல்லைக் கரை."
இதற்காகத்தான் வந்திருக்கிறாள்.
பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்
பேயைப் பற்றியும் பிரியாணியைப் பற்றியும் பேசியவள்
இதைச் சொல்லவில்லை.

மூன்று ஏக்கர். இவள் பிறப்பதற்கு முன்பே போனது.
வந்த பணத்தில்
அவள் அப்பா வாங்கியது பாதி டிராக்டர்.
மறுபாதி சித்தப்பாவுடையது.
இன்றைக்கும் அந்த வீட்டு வாசலில் நிற்கிறது,
முழுசாக.

கல்லிலிருந்து காலடியால் அளக்க ஆரம்பித்தாள்.
இருபத்தொன்பதில் தண்ணீர்.
முப்பத்திரண்டில் முழங்கால்.
"நில்லுடி," என்றேன்.
நிற்கவில்லை.
செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு
நான் முன்னால் போனேன்,
முகத்துவாரத்தில் நண்டுக்குப் போகிற மாதிரி,
காலைத் தூக்காமல், தரையைத் தடவி.
அவள் என் பின்னால் எண்ணிக்கொண்டே வந்தாள்.

முப்பத்தெட்டில் என் சுண்டுவிரல் கல்லில் இடித்தது.

பச்சைப் பாசி படிந்த பலகைக்கல்,
இடுப்பளவு தண்ணீருக்கு மேலே கொஞ்சம்.
கீழ்த்தட்டில் சண்டை நடக்கிறது போல.
கையை விட்டுத் துழாவினால்
ஒரு மாட்டின் கொம்பு, ஒரு வில், யாரோ ஒருவன் கால்.
வெளியே தெரிந்தது மேல்தட்டு மட்டும்:
செத்த வீரனை
இரண்டு பெண்கள் இரு பக்கமும் பிடித்து
கைதூக்கி மேலே கொண்டுபோகிறார்கள்.
முகங்கள் மழுங்கியிருந்தன.

"வேடியப்பன்," என்றாள் நாகவேணி.
"அம்மா சொன்ன எடத்துலயே இருக்கான்."
சுடிதார் ஷாலால் பாசியைத் துடைத்தாள்.
கும்பிடுவாள் என்று நினைத்தேன்.
கல்லைப் பிடித்துக்கொண்டு திரும்பி
வந்த தூரத்தைப் பார்த்தாள்.
"மிச்சம் நூத்திப்பத்து அடி," என்றாள்,
உள்ளே கைகாட்டி.

இந்தத் தண்ணீர்
கிருஷ்ணகிரியில் நிற்கும், சாத்தனூரில் நிற்கும்,
அப்புறம் எங்கள் வீட்டுக்குப் பின்னால்
கடலைத் தேடி வரும்.
சின்ன வயதில் அதில் விழுந்து எழுந்தவள் நான்.
எந்த ஊர் நிலத்தின் மேல் நடந்து வந்தது என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

மறுநாள் காலை ஷிப்ட்.
சுத்த அறைக்கு முன்னால்
கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டிரண்டு பேராய் விட்டு
தூசி போக இருபது நொடி காற்றடிப்பார்கள்.
கையைத் தூக்கிச் சுற்றவேண்டும்.
தூக்கினேன். எதிரே அவளும்.
மாஸ்க்குக்குள் அவள் உதடு அசைந்தது.
எண்ணிக்கொண்டிருந்தாள்.
இருபதைத் தாண்டியும்.