முழுப்பேர்

இரவு பதினொன்றுக்கு மேல்தான் டேட்டா மலிவு.
ஜன்னல் கம்பியில் போனைக் கட்டித் தொங்கவிட்டால்
இரண்டு கோடு சிக்னல் நிற்கும்,
பனி ஏறாதவரை.

கொழும்பில் ஒரு முதலீட்டு வங்கி
புதிய பட்டதாரிகள் ஒன்பது பேரை எடுக்கிறது.
நாளை நடுச்சாமத்தோடு வாசல் மூடும்.

முதல் கட்டம்: முழுப்பெயர்.
சிவப்பு நட்சத்திரம் போட்டுக் கேட்கிறது.

எங்கள் தோட்டத்தில் பேர் என்றால் சம்பளம்.
பதினெட்டுக் கிலோ நிறுத்தால் முழுப்பேர்.
பதினேழரை என்றால் அரைப்பேர்.
மழை ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழித்து
கணக்கப்பிள்ளை பென்சிலால் எழுதுகிற துண்டில்
அம்மாவுக்கு இந்த மாதம்
பதினாறு முழுசு, ஐந்து அரை.

மாடசாமி நிரஞ்சலா என்று தட்டுகிறேன்.
பிறப்பத்தாட்சியில் நிரஞ்சிலா.
அடையாள அட்டையில் நிரன்சலா.
பட்டச் சான்றிதழில் மட்டும் சரியாக இருக்கிறது;
அதற்குப் பேராதனைக்கு நான்கு தடவை பஸ் ஏறினேன்.
எந்தப் பேர் என்று கட்டம் கேட்கவில்லை.
பச்சையாகிவிட்டது.

முகவரி. வீட்டு இலக்கம், வீதி.
பத்தாம் நம்பர் லயம், எட்டாம் காம்பரா.
வீதி இல்லை.
மேல் டிவிசன் என்று போட்டால்
சரியான வீதியை இடுக என்கிறது.
கடைசியில் ஃபஸ்லியாவின் அக்குறணை வீட்டுக்கு
ஒரே இரவில் குடிபெயர்ந்தேன்.

அவள்தான் வாய்ஸ் நோட்டில் பயிற்சி கொடுக்கிறவள்.
"உன்ட பெரிய பலவீனம் என்ன, சொல்லு?"
நெட்வொர்க் என்றேன்.
"அது என்ட மாமாட்ட ஈக்கி" என்றாள்.
இரண்டு பேருமே பகிடி விடவில்லை.

பிறகு எண்கணிதப் பரீட்சை.
இருபது நிமிடம், பதினெட்டுக் கேள்வி,
மூலையில் ஓடுகிற கடிகாரம்.
பதினோராவது:

ஒரு பெருந்தோட்டக் கம்பனியில் நாட்சம்பளம் மாறாது.
ஒருவர் நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய அளவு
பதினெட்டுக் கிலோவிலிருந்து இருபதானால்
கிலோவுக்கான கூலிச் செலவு எத்தனை வீதம் குறையும்?

பத்து.
விரல் தானாகப் போய்விட்டது.
போன பிறகுதான் கேள்வியை வாசித்தேன்.

மடிக்கணினியை மூடும்போது
சாக்குத் திரைக்கு அந்தப்பக்கம் அம்மா புரண்டாள்.
"என்னா கேட்டாங்க?"
"கொழுந்த இருபது கிலோவாக்குனா எவ்வளவு மிச்சம்னு."
"யாரு, தொரையா?"
"பேங்க்கு."
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"அப்ப ஆக்கிட்டானுங்க" என்று சொல்லிவிட்டுத்
தூங்கிப் போனாள். விடியப் பெரட்டு.

மெயில் வந்தது: அன்புள்ள விண்ணப்பதாரருக்கு.

மூன்றாம் கிழமை வீடியோ நேர்காணல்.
எதிர்ப்பக்கம் ஆளில்லை, கேமரா மட்டும்.
முப்பது விநாடி யோசி, இரண்டு நிமிடம் பேசு,
இப்படி ஐந்து.
அன்று லயத்தில் சிக்னல் செத்துப்போனது;
தண்ணீர் டாங்கிக்கு மேலே ஏறினேன்.
இடுப்புக்கு மேல் இரவல் கறுப்புக் கோட்,
கீழே தம்பியின் பூட்ஸ், சவர்க்காரம் தேய்த்த காலுறை.
தேயிலை பின்னால் விழக்கூடாதென்று
கொய்யா மரத்தில் ஒரு வெள்ளைப் பெட்ஷீட் கட்டியிருந்தேன்.

இரண்டாவது கேள்வியிலேயே
முழங்காலுக்குப் பின்னால் அட்டை ஏறுவது தெரிந்தது.
குனியக்கூடாது.
கேமராவின் கண்ணைத்தான் பார்க்கவேண்டும்.

ஐந்தாவது:
நெருக்கடியில் நிதானம் காத்த ஒரு தருணத்தை விவரிக்கவும்.

மூன்றாம் வருடம் குழுவாகச் செய்த ஆய்வு ஒன்றைப் பற்றி
ஒரு நிமிடம் ஐம்பது விநாடி பேசினேன்,
புன்னகை உட்பட.

நன்றி, உங்கள் பதில் பதிவாகிவிட்டது.

குனிந்து பார்த்தேன்.
அதற்கு இன்னும் நிறையவில்லை.
உப்பு வீட்டில்.
பெட்ஷீட்டை அவிழ்த்தேன். பின்னால்
நாலாம் நம்பர் மலையிலிருந்து அம்மாவின் கூட்டம்
பகல் நிறுவைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.