பிற

பெட்டமுகிலாளத்தில் தார் முடிகிற இடத்தில்
கைப்பேசியைத் தட்டினேன்: தொடங்கு.
பூஜ்யம் புள்ளி பூஜ்யம்.
நூற்று நாற்பது டோஸ் கோமாரித் தடுப்பூசி, எட்டு ஐஸ் கட்டி,
சிரிஞ்சு, காது வில்லை, மாட்டுப் பதிவேடு.
பெட்டியை ருத்ரப்பா தலையில் வைத்துக்கொண்டார்.
மீதி என் முதுகில்.

"எவ்வளவு தூரம் ருத்ரப்பா?"
"ரெண்டு வாய் வெத்தலை மேடம்."
முதல் வாயை அவர் துப்பும்போது
நான்கு புள்ளி ஒன்று என்றது கருவி.
ஏற்றம் வந்ததும் மெல்வதை நிறுத்திவிட்டார்.
ஆகவே இரண்டாவது வாய்
மத்தியானம் வரை முடியவே இல்லை.

ஆடு ஓட்டி வந்த பெண்
கூப்பிடு தூரந்தான் என்றாள்.
கூப்பிட்டுப் பார்த்தேன்.
எதிர்மலை ஓவென்று பதில் சொன்னது.
பொய்யில்லை, கூப்பிடு தூரந்தான்.
ஆனால் குரலுக்குக் கால் இல்லை.
எனக்கு இருந்தது, இரண்டு.
வலது முட்டி பழுது.

முதல் நாள்: பதினொன்றரை கிலோமீட்டர்.
ஏற்றம் ஐந்நூற்று நாற்பது மீட்டர்.
ஐம்பத்திரண்டு மாடு.
ஓர் உதை, தொடையில்.
உதைக்குக் கட்டம் இல்லை கருவியில்.

மறுநாள் விடியலில் ஐஸ் பாதி தண்ணீர்.
பெட்டிக்குள் அது அலம்ப அலம்ப
காலை எட்டிப் போட்டோம்.
ராகிக் கொல்லை தாண்டி, ஆளில்லாப் பரண் தாண்டி,
மூங்கில் புதிதாய் ஒடிந்த வாசம்.
ருத்ரப்பாவின் கை மேலே போயிற்று.
நின்றோம்.

தாயும் குட்டியும்.
நாற்பதடி இருக்கும், அளக்கவில்லை.
என் வலது பாதம் பாதி கல்லில், பாதி காற்றில்.
அப்படியே.
கழுத்தில் கிளம்பிய ஒரு சொட்டு வியர்வை
முதுகெலும்பு எலும்பாக நின்று நின்று
இடுப்பைச் சேர்ந்தது.
கன்னத்துக்குள் ஒதுக்கிய வெற்றிலையை
அவர் மெல்லவுமில்லை, விழுங்கவுமில்லை.
குட்டி மண்ணை வாரி இறைத்து விளையாடியது.
அதற்கு அவசரம் ஒன்றுமில்லை.

பின்னால் பார்த்தபோது கருவி எழுதியிருந்தது:
தூரம் பூஜ்யம். ஓய்வு நாற்பத்தேழு நிமிடம்.
பக்கத்தில் ஒரு பச்சை இலை,
நன்றாக இளைப்பாறினீர்களாம்.

மூன்றாம் நாள் சிக்னல் போயிற்று.
தொட்டஹள்ளாப் பள்ளத்தில்
உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினோம்,
இடுப்பளவு நீரில் கைகோத்துக் கடந்தோம்,
வேரைப் பிடித்து மேலேறினோம்.
கரையேறியதும் கைப்பேசி கண் விழித்து
இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும்
நேர்கோடு ஒன்று இழுத்தது.
பறந்திருக்கிறேன், தெரியுமா.

கடைசி ஊரில் பெட்டியைத் திறந்தேன்.
ஐஸ் இல்லை. பதினொரு டோஸ் வெதுவெதுப்பாய்.
பதிவேட்டில் கழித்துவிட்டு மூடும்போது
ஒருவர் பசுவோடு வந்து நின்றார்.
விடியக் கிளம்பினாராம், மேல்கொல்லையிலிருந்து.
எவ்வளவு தூரம் என்று கேட்க வாயெடுத்தேன்.
கேட்கவில்லை.
எனக்கும் பசுவுக்கும் நடுவே நான்கு அடி.
அதை மட்டும் நடக்க முடியவில்லை.
"மருந்து கெட்டுப்போச்சுங்க."
அவர் தலையாட்டிவிட்டு
பசுவைத் திருப்பினார்.
பசு திரும்பச் சிறிது நேரம் பிடித்தது.

தேன்கனிக்கோட்டை அலுவலகத்தில்
சுவர் வரைபடத்தின் மேல் ஸ்கேலை வைத்து அளந்தார்
கணக்கர் ஜெபமாலை.
"ஒன்பதரை வருது. முப்பத்தொண்ணுன்னு எழுதியிருக்கீங்க?"
வளைவு, என்றேன்.
"ஸ்கேல் வளையாதும்மா."

பயண முறை:
பேருந்து, இரு சக்கர வாகனம், பிற.
பிற என்பதில் டிக் போட்டேன்.
விளக்க ஒரு விரல் நீளக் கோடு விட்டிருந்தார்கள்.
முட்டியை எழுதலாமா, உதையையா,
மெல்லாத வெற்றிலையையா என்று யோசித்து,
இது அதற்கான இடமில்லை என்று தெரிந்தே
பொடி எழுத்தில் எழுதினேன்:
இடக்கொம்பு மடங்கிய செவலைப் பசு, ஒன்று.
மேல்கொல்லை.
பாக்கி.