வான் திறப்பு

எங்கள் இரண்டாவது அல்பத்தில்
ஐந்தாம் பாட்டுக்கும் ஆறாம் பாட்டுக்கும் இடையில்
அப்பா பதினொரு விநாடி பேசுகிறார்.
"டேய், வான் திறப்பை எங்கயடா வச்சனீ?
மூண்டு மணியாகுது. பேப்பர் வந்திட்டுது."
ஒரு பெருமூச்சு.
பிறகு ஜோமாரின் பேஸ்.

ஒஷாவா, இரண்டாயிரத்து மூன்று, பெப்ரவரி.
சைலன்சர் கடைக்குப் பின்னால் ஒரு டயர் கிடங்கு;
அதைத்தான் ஸ்டூடியோ என்றார் வெய்ன் ஹட்செக்.
ரப்பர் நாற்றத்தில் பாடியதால்தான்
கோரிக்கு அந்த மூக்குக் குரல் வந்தது என்று
பிற்பாடு பத்திரிகையில் எழுதினார்கள்.
பொய். அவனுக்குச் சளி.

பன்னிரண்டு நாள், பன்னிரண்டு பாட்டு, மூன்று கோர்ட்.
செலவு கேட்லினின் கல்லூரிக் கடன்.
கல்லூரிக்கு அவள் போகவேயில்லை.
ஸ்னேர் தோலில் ஹொக்கி டேப் ஒட்டியிருந்தேன்.
மெட்ரோனோம் காதுக்குள்
வட்டிக்காரன் மாதிரித் தட்டிக்கொண்டு நிற்க
நான் அதை முந்தி முந்தி ஓடினேன்.
"விடு," என்றார் வெய்ன்,
"பத்தொன்பது வயதில் நேரத்துக்கு வருகிறவன்
எதையோ மறைக்கிறான்."

விடிந்ததும் அவர்தான் ஆன்சரிங் மெஷினைத் தட்டினார்.
என்ன மொழி? தமிழ்.
என்ன சொல்கிறார்?
ஒன்றுமில்லை என்றேன்.
போடலாமா?
போடுங்கள்.

அட்டையில் கேதாரனைக் கெட் என்று வெட்டினார்கள்.
அதற்கும் சரி என்றேன்.

அல்பம் பற்றிக்கொண்டது.
சாவோ பாவுலோவில் நாலாயிரம் பேர்
"வாண்டிறப்பே!" என்று கத்தி ஓய்ந்தால்தான்
ஆறாம் பாட்டைத் தொடங்கலாம்.
போர்ட்லண்டில் ஒரு பெண் முன்கையை நீட்டினாள்.
பச்சை குத்தியிருந்தாள், தமிழில், ஒற்றுக்கூடப் பிழையில்லாமல்:
வான் திறப்பு.
அகராதியில் பார்த்தாளாம். வானம் திறத்தல்.
"அம்மா போன வருஷம் முழுக்க
இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.
அந்த மனிதர் துறவியா?"
தலையை எந்தப் பக்கம் ஆட்டினேனோ தெரியாது.
எப்படிச் சொல்ல,
அது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு டொட்ஜ் கேரவன்,
வலப்பக்கக் கதவு உள்ளிருந்துதான் திறக்கும் என்று.

வான் வீட்டு வாசலில்தான் நின்றது.
ஒரே திறப்பு. அது என்னோடு ஒஷாவா போயிருந்தது.

அந்த இரவு அப்பா நூற்றெண்பது வீட்டுப் பேப்பரையும்
தங்கச்சியின் சறுக்குத் தட்டில் கட்டி இழுத்தார்.
ஸ்காபரோவில் மூன்று கிரசண்ட். மைனஸ் இருபத்திரண்டு.
முப்பத்தொரு முறைப்பாடு.
அடுத்த கிழமை ரூட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.
"எனக்கும் குளிர் ஒத்துக்கொள்ளேல்லை," என்றாராம்.
தங்கச்சி இதைச் சொன்னது ஏழு வருஷம் கழித்து,
விமான நிலைய வரிசையில்,
சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே.

இருபதாம் ஆண்டுப் பதிப்புக்காக
டேப்பைத் தனித்தனியாகப் பிரித்தார்கள்.
மூன்றாம் பாட்டின் இரண்டாம் சரணத்தில்
ஒரு கிலுகிலுப்பு உண்டு.
என்ன சிம்பல், என்ன மைக் என்று
எத்தனையோ பேர் தலையை உடைத்த சத்தம்.
மற்றதையெல்லாம் அமத்திவிட்டுக் கேட்டேன்.
ஃப்ளோர் டொம்மின் விளிம்பில் நான் வைத்த திறப்புக் கோர்வை.
பெட்டியில் வெய்னின் பென்சில் எழுத்து:
அதிகாலை மூன்று ஐந்து.
அடுத்த அறையில் போன் அடித்துக்கொண்டிருக்க
ஒவ்வொரு அடிக்கும் அது
இங்கை, இங்கை என்றிருக்கிறது.
"எடுத்துவிடவா?" என்றான் எஞ்சினியர்.
கிடக்கட்டும்.

போன மாசம் ஒஷாவாவில் நிகழ்ச்சி.
மேடை ஓரத்தில், மடக்குக் கதிரையில்,
காதுக்குள் செம்மஞ்சள் பஞ்சோடு அப்பா.
ஐந்தாம் பாட்டு முடிந்தது. அரங்கமே கத்தியது.
ஒரு காதுப் பஞ்சைப் பிடுங்கிக்கொண்டு
ட்ரம்ஸ் வரைக்கும் எழும்பி வந்தார்:
"ஏன்டா இவையள் எல்லாரும் திறப்பைக் கேக்கினம்?
அந்த வானை வித்து எத்தினை வருஷம்!"

ஜோமார் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.
நான் குச்சியைத் தட்டினேன். ஒன்று, இரண்டு,
மூன்று வருமுன்னே
இந்த முறையும் முந்திவிட்டேன்.