பொருந்தவில்லை

ஐந்து ரோட்டுக் கடையில் அஸ்லம்
என் கட்டைவிரலை ஏழு தடவை வைத்துப் பார்த்தான்.
துடைத்தான், ஊதினான், மறுபடி வைத்தான்.
"உங்களுக்கு ரேகையே இல்லைக்கா" என்றான்,
ஏதோ நான் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்ததைப் போல.

எப்படி இருக்கும்?
பனங்காட்டில் பதினோரு வருஷமாகக்
கொலுசுக்கு மெருகு போடுகிறேன்.
ஆசிட் தண்ணீர், பூந்திக்கொட்டை நுரை, பித்தளைக் கம்பி பிரஷ்.
யார் யார் கணுக்காலிலோ மின்னுவதில்
என் விரலும் கொஞ்சம் இருக்கிறது.
ரேஷன் கடை மெஷினுக்கும் என்னைத் தெரியாது;
கண்ணைக் காட்டித்தான் சர்க்கரை வாங்குகிறேன்.

"அப்போ முகத்தை வைங்க" என்றான்.
இரண்டு நாள் ஒழுங்காய்த் திறந்தது.
மூன்றாம் நாள் ஆசிட் நெடிக்கு மூக்கை மூடிக் கட்டியிருந்தேன்.
யாரோ என்று நினைத்துக்கொண்டது.
நம்பர் வைத்தால் சித்தம்மா எட்டிப் பார்ப்பாள்,
பார்த்ததை வாய்விட்டும் சொல்வாள்.
கோடு போட்டால் கண்ணாடியில் எண்ணெய்த் தடம்,
வெயிலில் சாய்த்துப் பிடித்தால்
பள்ளிக்கூடம் போகாதவனும் படிப்பான்.

ஒரு மதியம் இரண்டு கையிலும் நுரை.
தரையில் கிடந்து கத்திய போனைக்
காலால் ஓரம் தள்ளினேன்.
காலுக்குத் தேயவில்லையே என்று
அப்போதுதான் தோன்றியது.

பட்டறைக் கக்கூஸில் கதவைத் தாழிட்டுக்
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து
போனின் முதுகிலுள்ள வட்டத்தில் வைத்தேன்,
இடது கால், மெட்டி போட்ட விரல்.
எடுத்து எடுத்து வை என்றது.
எடுத்து எடுத்து வைத்தேன்.
சிரிப்பு வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டேன்.

நேற்று ராத்திரி கரண்ட் இல்லை.
மொட்டை மாடியில் பாய்.
ஏற்காட்டுக்குக் கடைசி பஸ் ஏறிக்கொண்டிருந்தது:
வெளிச்சம் இடப்பக்கம் ஊர்ந்து அணையும்,
மேலே வேறோர் இடத்தில் முளைத்து வலப்பக்கம் போகும்.
இருபது கொண்டை ஊசி வளைவையும்
எண்ணிப் பார்த்துவிடுவது என்று கிடந்தேன்.

மாதேசன் என் கையை எடுத்தான்.
எத்தனை மாசத்துக்குப் பிறகு!
ஒரு கணம் ஏமாந்துதான் போனேன்.
கண்ணை மூடிக்கொண்டேன்.

கட்டைவிரலை வட்டத்தில் வைத்தான்.
போன் ஒரு தரம் அதிர்ந்தது. பொருந்தவில்லை.
ஆள்காட்டி விரல். இல்லை.
நடுவிரல், மோதிர விரல்,
இந்தக் கையை வைத்துவிட்டு அந்தக் கை.
தூங்குகிறவளின் விரலை அவ்வளவு பதமாய்ப் பிடிக்க
அவனுக்குத் தெரியுமென்று
இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது.

இனி விரல் வேண்டாம், கோடு போடு என்றது போன்.
அரைக் கண்ணில் பார்த்தேன்.
நீல வெளிச்சத்தில் அவன் முகம்
பரீட்சையில் உட்கார்ந்த பையனுடையது.
தன் பெயரின் முதலெழுத்தாய்த்தான் இருக்கும் என்று
ஒன்பது புள்ளியில் எதையோ வளைத்தான்.
நான் போட்டிருந்ததோ மலைப்பாதை.
இடம், வலம், இடம்.
அவன் முதுகுக்குப் பின்னால்
பஸ் அதைத்தான் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தது.

முப்பது விநாடி கழித்து வா என்றது.
காத்திருந்தான்.
நானும் காத்திருந்தேன்.

உள்ளே என்ன என்று கேட்டிருந்தால்
சொல்லியிருப்பேனோ என்னவோ.
பூவாயியின் சீட்டுக் கணக்கு.
சேர்வராயன் மலைமேல் மேகம் நிற்கும் படம்,
நாற்பதுக்கு மேல், எல்லாம் ஒரே மாதிரி.
பிறகு, முதலாளியிடம் கூலி ஏற்றிக் கேட்க
நானே பேசிப் பழகிய குரல், நாலு தடவை.
நாலாவதில்தான் நடுக்கம் இல்லை.
அதை இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை.

போனை இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்தான்.
என் கையை என் வயிற்றின்மேல் திருப்பி வைத்தான்.
கொசு கடிக்குமே என்று
போர்வையை இழுத்து
என் காலை மூடிவிட்டான்.

பஸ் பதினேழாம் வளைவில் இருந்தது.
பதினெட்டாகவும் இருக்கலாம்,
நடுவில் எண்ணிக்கை தப்பிவிட்டது.