நூறு நூறாக

ஓட்டேரியில்
மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறைக்கு
ஐந்நூறு ரூபாய் வாடகை குறைவு.
ஏன் என்று சித்திரையில் தெரிந்தது.

கல்யாண வீடியோ வெட்டுகிறவள் நான்.
ஏழு ஜோடிகள் வரிசையில் நிற்கிறார்கள்.
ஒவ்வொரு தாலிக்கும்
மூன்றரை மணி நேரம் ரெண்டர்.

ரிச்சி தெரு இம்தியாஸ்
பில்லை மடித்துக்கொண்டே சொல்லியிருந்தான்:
"பெட்டி மேல போட்டிருக்கிற வேகம்
கம்பெனியோட தைரியம்.
அதுக்கு மேல உங்க தைரியம்."

முதலில் மெமரி.
மூவாயிரத்து இருநூறு என்று காசு வாங்கியது
இத்தனை மாதமாய்
இரண்டாயிரத்து நூற்று முப்பத்து மூன்றில்
கைவீசி நடந்திருக்கிறது.
ஓடலாம் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை.
பயாஸில் ஒரே ஒரு வரியை மாற்றினேன்.
திரை கறுத்தது.
ஒரு நிமிடம். அதற்கு மேல் இருபது நொடி.
ஃபேன் சுற்றுகிறது, வேறு சத்தமில்லை.
தவணை இன்னும் ஏழு பாக்கி என்பது
அப்போது பார்த்து ஞாபகம் வந்தது.
பிறகு, தொண்டையைச் செருமுகிற மாதிரி
ஒரு பீப்.

அடுத்து ப்ராசஸர்.
நூறை நாற்பத்திரண்டால் பெருக்கினால்
அது பிறந்தபோது வைத்த வேகம்.
நாற்பத்து மூன்று. எழுந்தது.
நாற்பத்து நான்கு. எழுந்தது.
நாற்பத்தைந்தில் எழுந்து, கொஞ்சம் யோசித்து,
நீலமாகிவிட்டது.
வோல்டேஜ் ஊட்டினேன்,
புள்ளிக்குப் பின்னால் இரண்டாம் இலக்கத்தில்,
ரசத்துக்கு உப்பு போடுகிற கையோடு.
நாற்பத்தாறு நின்றது.
எனக்கும் வேண்டாத, அதற்கும் வேண்டாத
பகா எண்களைத் தேடச் சொல்லி
விடிய விடிய விரட்டினேன்.

இரவு டியூட்டி முடிந்து புஷ்பலீலா வந்தாள்.
கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி நர்ஸ்.
செருப்பைக் கழற்றாமல் கேட்டாள்:
"எவ்வளவு?"
"தொண்ணூற்று நாலு."
"குறைச்சலா இருக்கே. போர்த்தி விடு."
"செல்சியஸ்."
"அப்ப சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடு."
சொல்லிவிட்டுப் பெட்டியின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றி
டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினாள்,
எனக்கு வந்துகொண்டிருந்த காற்றை.
எண்பத்தாறு.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.
மெமரியை மூவாயிரத்து அறுநூறுக்கு ஏற்றினேன்.
மூன்றாம் நாள் போன் வந்தது, வியாசர்பாடியிலிருந்து.
நாற்பத்தோராவது நிமிடத்தில்
மாப்பிள்ளை நெற்றியிலிருந்து மோவாய் வரை
பச்சையாய் ஒரு கோடு.
"கண்ணு பட்டுடுச்சா, கம்ப்யூட்டர் பட்டுடுச்சா?"
என்று கேட்டார் பெண்ணின் அப்பா.

ப்ராசஸர் முடியவில்லை என்றால் விழுந்துவிடும்.
மெமரி விழவில்லை.
ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு
அடுத்த ஃபிரேமுக்குப் போயிருக்கிறது.

கத்திரி தொடங்கிய அன்று
பகல் ஒன்றரைக்கு எதுவுமே எழவில்லை.
நாணயம் மாதிரி இருந்த பேட்டரியை
ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்து
முப்பது எண்ணிவிட்டுத் திரும்பப் பொருத்தினேன்.
நான் கற்றுக்கொடுத்த எல்லாவற்றையும் மறந்திருந்தது.
இன்று என்ன தேதி என்பதைக்கூட.

இப்போது இரண்டு கணக்கு வைத்திருக்கிறேன்.
பகலில் நாற்பத்து நான்கு.
இரவு பதினொன்றுக்கு மேல்
கடல் காற்று புரசைவாக்கம் தாண்டி வந்தால்
நாற்பத்தாறு.
வராத நாளில் ஏமாற்றக்கூடாது, நானும்.
இதே எண் அச்சிட்ட இன்னொரு சில்லு
ஐம்பதைத் தொடுகிறதாம், இம்தியாஸ் சொல்கிறான்.
தொடட்டும்.

நாற்பத்தாறில் ஒரு தாலிக்குப்
பதினெட்டு நிமிடம் மிச்சம்.
அந்தப் பதினெட்டு நிமிடத்தில்
பிளாஸ்டிக் வாளியோடு மாடியேறி
அறைக்கு நேர் மேலே தரையில் தண்ணீர் ஊற்றுகிறேன்.
நள்ளிரவிலும் சுர்ரென்கிறது சிமெண்ட்.
நான்கு வாளிக்கு இரண்டு டிகிரி இறங்குகிறது.
ஐந்தாவதை ஊற்றும்போது
கீழ் வீட்டு விளக்கு எரிந்தது.
யாரோ மோட்டார் சுவிட்சைத் தேடுகிறார்கள்.