களச் சரிபார்ப்பு

படிவத்தில் பதினேழாவது கட்டம்:
இறுதிப் பயன் உரிமையாளர் யார்?
பத்து விழுக்காட்டுக்கு மேல் பங்குள்ள
உயிருள்ள மனிதர்.
பெயர், பிறந்த தேதி, முகவரி.
கம்பெனிப் பெயர் எழுதக் கூடாது.

பொன்னழகி இன்ஃப்ரா கேட்ட கடன் பதினொரு கோடி.
பொன்னழகியில் பாதி, கோவைக் கம்பெனி ஒன்றுக்கு.
கோவைக் கம்பெனி, சென்னையில் இரண்டு கம்பெனிகளுக்கு.
அவற்றில் ஒன்று சிங்கப்பூரில் ஓர் அறக்கட்டளைக்கு.
இன்னொன்று,
இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன்,
பொன்னழகிக்கே.

மீதிப் பாதி ஆறு பேருக்கு.
ஆளுக்கு எட்டே கால் சொச்சம்,
பந்தியில் ஒரே கரண்டியால் வைத்த
கவுனி அரிசி மாதிரி.
யாருக்கும் பத்தைத் தொடவில்லை.

"பதிவு அலுவலகம் பள்ளத்தூர்தானே,
ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடுங்க" என்றார் மேலாளர்.
காரைக்குடியில் டவுன் பஸ் ஏறினேன்.

முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில்.
நடுவே எட்டுக் கதவுகள் ஒரே நேர்கோட்டில்.
முதல் கதவில் நின்றால்
கடைசிக் கதவின் வெயில் தெரிந்தது.
ஆள் தெரியவில்லை.

பட்டாலைத் தூணுக்குப் பக்கத்தில்
பிளாஸ்டிக் நாற்காலி, அதில் ஒருவர்,
இடுப்பில் சாவிக்கொத்து.
"இயக்குநர் சேவுகன்..."
"நாந்தேன். காவலுக்கு இருக்கேன்.
தாள் வந்தாக் கையெழுத்தும் போடுவேன்."

"பங்கு இருக்கே உங்களுக்கு?"
"திருமயம் பக்கம் முக்கால் ஏக்கர்.
அதுவும் அண்ணனோட பொது."

"ஆதாரை யாருக்குக் குடுத்தீங்க?"
"கேட்டாக, குடுத்தேன்."
"யாரு கேட்டாக?"
"வந்தவுக."
"வந்தவுகளை அனுப்பினது?"
"அது அவுகளுக்கே தெரியாதுன்னாக, தாயீ."

நிலைக்கு மேலே பித்தளைத் தகடு:
மு.சி.தெ.வீ.
நான்கு எழுத்தில் நான்கு தலைமுறை என்பார்கள்.
அதையும் நான் நம்பிவிடவில்லை.
ரங்கூன் கடையில் அந்த எழுத்துகளைப் போட்டவர்
சம்பளத்துக்குப் போன மேலாள்.
கடன் வாங்கிய பர்மாக்காரர்
எந்த முதலாளியின் முகத்தைக் கண்டார்?

நான்கு பத்துக்குப் போன் அடித்தது.
சேவுகன் எழுந்து நின்றார்.
தோளில் கிடந்த துண்டு கக்கத்துக்குப் போனது.
ஒரு கையால் வாயை மறைத்துக்கொண்டு
ஏழு முறை "ஆகட்டும்" சொன்னார்.
எதிரில் நானும் தூணும்தான்.

"யாருங்க?"
"நம்பர் விழுகாதும்மா."
உட்காரக் கொஞ்ச நேரம் ஆயிற்று அவருக்கு.

அறிக்கையில் எழுதினேன்:
ஆறு பேரில் மூவர் சமையல், ஒருவர் ஓட்டுநர்,
ஒருவர் இறந்து இரண்டு வருடம்.
எஞ்சிய ஒருவருக்கு 4.10 மணிக்கு அழைப்பு வந்தது.
அவர் எழுந்து நின்றார்.
யாருக்காக எழுந்தாரோ அவரே
பதினேழாவது கட்டத்துக்கு உரியவர் எனக் கருதுகிறேன்.

மூன்றாம் நாள் வட்டார அலுவலகத்திலிருந்து பதில்:
மேற்படி கூற்றுக்கு ஆவணச் சான்று இணைக்கவும்.

சான்றுக்கு எங்கே போவது?
கட்டத்தைக் காலியாக விட்டால்
அடுத்த பக்கம் திறக்காது.
"சேவுகன்" என்று அடித்தேன்.
ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன்.
டீ வந்தது, ஆறியது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம்
மேலாளரின் செல்போன் ஒலித்தது.
திரையைப் பார்த்தார்.
நாற்காலி பின்னால் நகர்ந்தது.